வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல்: வயலைக் கணக்கெடுக்கும் முறை

வெண்டை பயிரிடும் ஊரில் மஞ்சள் நோய் வந்திருக்கிறது என்று சொல்ல ஆராய்ச்சி எதுவும் வேண்டுவதில்லை. வரப்பில் நிற்கும் எவர் கண்ணுக்கும் அது தெரியும். ஆனால் அந்நோய் நூற்றுக்கு எத்தனை செடிகளைப் பற்றியிருக்கிறது, எந்தப் பக்கமிருந்து வயலுக்குள் நுழைந்தது, பத்து நாட்களுக்கு முன் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா அல்லது நின்றிருக்கிறதா, வேறு ரகம் விதைத்த பக்கத்து ஊராருக்கு நேர்ந்த நஷ்டம் இவ்வூராருக்கு நேர்ந்ததைவிடக் குறைவா என்ற கேள்விகளுக்கு வரப்பில் நின்று பார்த்த பார்வையைக்கொண்டே விடை சொல்ல முயன்றால், நாம் சொல்வது அபிப்பிராயமாக இருக்குமேயன்றிக் கணக்காக இராது. விவசாயி தம் பணத்தையும் உழைப்பையும் அபிப்பிராயத்தின்மேல் வைத்து இழப்பதைத் தடுப்பதற்காகவே கணக்கெடுப்பு ஏற்பட்டது.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் விதிகள் பல. ஆயினும் அவை அனைத்துக்கும் ஆதாரம் ஒன்றே. எந்தச் செடியைப் பார்ப்பது என்பதை வயலில் இறங்குமுன் முடிவு செய்துகொண்டு, அம்முடிவின்படி எதிர்ப்பட்ட செடியை, அது நோயுற்றதாயினும் ஆரோக்கியமானதாயினும், ஒரே சிரத்தையுடன் எழுத வேண்டும். நோயுற்ற செடியைத் தேடிச் செல்பவர் நோயைக் கண்டுபிடிப்பார். அதன் அளவைக் கண்டுபிடிக்க மாட்டார்.

1. நோயும் அதைச் சுமந்து வரும் பூச்சியும்

வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் 1924ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாகாணத்தில் கண்டு எழுதப்பட்டது. அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதும், அதைப் பரப்புவது வெள்ளை ஈ என்பதும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்டன. பெகோமோவைரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவ்வைரஸ் தனியாக ஏறிய செடியில் இலேசான இலைச்சுருட்டலே தோன்றுகிறது என்பதையும், அதனுடன் பீட்டாசாட்டிலைட் என்ற சிறிய டி.என்.ஏ. துணுக்கும் சேர்ந்தால்தான் நாம் வயலில் காணும் மஞ்சள் வலைப்பின்னல் உண்டாகிறது என்பதையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களான ஜாய்ஸ் ஜோஸ், உஷா ஆகியோர் 2003இல் எடுத்துக்காட்டினர்.

வெள்ளை ஈ என்று நாம் வழங்கும் பெமிசியா டபாசி உண்மையில் ஈ இனத்தைச் சேர்ந்ததன்று. சாறு உறிஞ்சும் பூச்சிகளின் வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்த பூச்சி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். இலையின் அடிப்பரப்பில் முட்டையிட்டு, அங்கேயே செதில்போல் ஒட்டிக்கொண்டு வளரும் குஞ்சுகள், வெப்பமான நாட்களில் மூன்று வாரத்துக்குள் இறக்கை முளைத்த பூச்சிகளாகிவிடுகின்றன. நோயுற்ற இலையின் சாற்றுடன் பூச்சியின் வயிற்றுக்குள் சென்ற வைரஸ், குடலைத் தாண்டி அதன் உடல்நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைந்த பின்னரே அடுத்த செடிக்குச் செல்லும் தகுதியைப் பெறுகிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் அப்பூச்சி பெரும்பாலும் தன் ஆயுள் முழுவதும் நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

கணக்கெடுப்பவர் இவ்விவரங்களிலிருந்து மூன்று விஷயங்களை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, நோயுற்ற செடியைத் தொட்ட கையினாலோ, காய் பறிக்கும் கத்தியினாலோ இந்நோய் பரவுவதில்லை. ஆகையால் செடிகளைத் தொட்டுப் பார்க்க அஞ்ச வேண்டுவதில்லை. இரண்டாவது, பூச்சி கடித்த நாளுக்கும் இலையில் மஞ்சள் தோன்றும் நாளுக்கும் இடையே பத்து முதல் இருபது நாட்கள் வரை செல்கின்றன. ஆகையால் இன்று நாம் எண்ணும் நோயானது இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த காரியத்தின் விளைவு. மூன்றாவது, வெள்ளை ஈ பலவகைச் செடிகளில் வாழ்வதால், வெண்டை வயலின் வரலாற்றை அறிய அதைச் சுற்றியுள்ள களைகளையும் மற்றப் பயிர்களையும் பார்த்தாக வேண்டும்.

2. நோயை அடையாளம் காணுதல்

கணக்கெடுப்பில் இறங்குபவர்கள் எத்தனை பேராயினும், அவர்கள் எல்லோரும் முதல் நாள் ஒரே வயலில் ஒன்றாக நின்று, எதை நோய் என்று எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதில் ஒருமனப்பட வேண்டும். ஒரே வரிசையில் உள்ள இருபது செடிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்து எழுதி, பிறகு ஏடுகளை ஒப்பிட்டு, எங்கெங்கே வேற்றுமை வந்ததோ அந்தச் செடிகளிடம் திரும்பிச் சென்று பேசி முடிவு செய்வதே இதற்குச் சிறந்த பயிற்சி.

நோயின் முதல் லட்சணம் இளம் இலையின் நரம்புகள் வெளிறித் தெளிவாகத் தெரிவது. சில நாட்களில் அந்நரம்புகள் மஞ்சளாகித் தடித்து, இலை முழுவதும் ஒரு மஞ்சள் வலை விரிந்தாற்போல் ஆகும். வலையின் கண்களுக்குள் மட்டும் பச்சை எஞ்சியிருக்கும். நோய் முற்றினால் அந்தப் பச்சையும் மறைந்து, இலை வெளிர்மஞ்சளாகும். காய்கள் சிறுத்து, வளைந்து, மஞ்சள் பாய்ந்து, நார் மிகுந்து சந்தையில் விலைபோகாதவை ஆகும்.

இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. இரும்புச்சத்தோ மெக்னீசியமோ குறைந்த செடியிலும் இலை மஞ்சளாகும். ஆனால் அங்கே நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். நம் நோயில் நரம்பு மஞ்சள், இடைப்பகுதி பச்சை. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தத்துப்பூச்சி தாக்கிய இலையில் விளிம்பு மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருண்டு, பிறகு சிவந்து கருகும். செஞ்சிலந்தி தாக்கிய இலையில் நுண்ணிய வெளிர்ப் புள்ளிகளும், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படையும் காணப்படும். நீர் தேங்கிய பள்ளத்தில் நிற்கும் செடிகள் முழுதுமே ஒரே சீராக வெளிறும். இவற்றைத் தவிர, வெள்ளை ஈயினாலேயே பரவும் மற்றொரு வைரஸ் நோயான இலைச்சுருட்டலில் இலை தடித்துச் சுருண்டு, அடிப்புற நரம்புகளில் சிறு புடைப்புகள் எழும், தண்டும் திருகிக்கொள்ளும். அதைத் தனிப் பத்தியில் எழுத வேண்டுமேயன்றி மஞ்சள் தேமலுடன் சேர்த்து எண்ணலாகாது. ஒரே செடியில் இரண்டும் இருந்தால் இரண்டு பத்திகளிலும் குறிக்க வேண்டும். எதுவென்று துணிய முடியாத செடியைச் "சந்தேகம்" என்றே எழுதுவது யோக்கியமான முறை.

3. செல்ல வேண்டிய காலமும் வேளையும்

வெண்டைச் செடி விதைத்த 35 முதல் 40 நாட்களில் பூக்கத் தொடங்கி, 45 நாட்கள் அளவில் முதற் காய் தருகிறது. முளைத்த சில வாரங்களுக்குள் நோய் பற்றிய செடியில் மகசூல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் குறைந்துபோகலாம் என்றும், 65 நாட்கள் கழித்துப் பற்றினால் இழப்பு ஏறக்குறைய பாதியோடு நிற்கும் என்றும் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நோயுற்ற செடிகளின் எண்ணிக்கையைப் பயிரின் வயதைச் சொல்லாமல் எழுதினால் அதனால் பிரயோஜனம் இல்லை. இருபதாம் நாளில் நூற்றுக்குப் பத்து என்பது பெரிய ஆபத்து. எண்பதாம் நாளில் நூற்றுக்குப் பத்து என்பது நல்ல பயிருக்குரிய கணக்கு.

ஒவ்வொரு வயலையும் குறைந்தபட்சம் மூன்று முறை பார்க்க வேண்டும்: விதைத்த 20ஆம் நாளை ஒட்டி ஒரு முறை, பூக்கும் பருவத்தில் ஒரு முறை, காய்ப்பு மும்முரமாக இருக்கும் 60ஆம் நாளை ஒட்டி ஒரு முறை. வசதியிருந்தால் பத்து நாட்களுக்கு ஒரு தடவை பார்ப்பது இன்னும் உத்தமம். தமிழ்நாட்டில் ஆனி, ஆடி மாதங்களில் விதைக்கும் வெண்டையையும், மாசியில் விதைத்துக் கோடையில் காய்க்கும் வெண்டையையும் தனித்தனிக் கணக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் வறண்ட வெப்பம் வெள்ளை ஈக்கு அனுகூலம், பலத்த மழை அதற்குப் பிரதிகூலம்.

வேளையைப் பொறுத்தவரை, காலையில் பனி உலர்ந்த பிறகு வெயில் ஏறுமுன் உள்ள நேரமே சிறந்தது. அப்போது பூச்சிகள் மந்தமாக இருக்குமாதலால் இலையைத் திருப்பினாலும் உடனே பறந்துவிடுவதில்லை. உச்சி வெயிலின் கூச்சத்தில் இளம் இலையின் நரம்பு வெளிறுவது கண்ணுக்குப் புலப்படாது; தவிர்க்க முடியாமல் அந்நேரத்தில் பார்க்க நேர்ந்தால், தம் நிழல் இலையின்மேல் விழும்படி நின்று பார்க்க வேண்டும். வெண்டைச் செடியின் சுணை உடலில் பட்டால் அரிக்குமாகையால் முழுக்கைச் சட்டை அவசியம். அச்சட்டை மஞ்சள் நிறமாக இருக்கலாகாது, ஏனெனில் வெள்ளை ஈக்கள் மஞ்சளை நாடி வந்து ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்தால், ஒரு நாளில் பல வயல்களைப் பார்ப்பவர் இளம்பயிரை முதலிலும், நோய் முற்றிய பழம்பயிரைக் கடைசியிலும் பார்க்குமாறு தம் பயணத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். மருந்து அடித்த வயலில் அன்று இறங்கவே கூடாது.

4. வயல்களைத் தேர்ந்தெடுத்தல்

சாலையோரத்தில் உள்ள வயல், பழக்கமான விவசாயியின் வயல், "வந்து பாருங்கள்" என்று அழைத்தவரின் வயல் ஆகிய மூன்றும் கணக்கெடுப்பாளரை இயல்பாகவே தம்பால் இழுப்பவை. இம்மூன்றையே பார்த்துவிட்டு ஊர்க்கணக்கு என்று எழுதினால் அது பட்சபாதமான கணக்காகிவிடும். அழைத்தவர் பெரும்பாலும் நோயால் அவதிப்படுபவராயிருப்பார். அவருக்கு உதவி செய்வது நம் கடமையாயினும், அவர் வயலை ஊர்க்கணக்கில் சேர்ப்பது தவறு. அதை "அழைப்பின்பேரில் பார்த்தது" என்று வேறொரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடு காட்டும். அதிலிருந்து வெண்டை பயிரான எண்களைப் பட்டியலிட்டு, சீட்டுக் குலுக்கி எடுப்பது சிக்கனமான, நேர்மையான முறை. பதிவேட்டில் ஏறாத சிறு பாத்திகளும் உண்டு என்பதால், காய்கறிக் கமிஷன் மண்டிக்காரரையும், விதைக்கடைக்காரரையும், தோட்டக்கலைத் துறையின் உதவி அலுவலரையும் விசாரித்துப் பட்டியலை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளில் பார்க்கக்கூடிய செடிகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள், சில வயல்களில் மிகப் பல செடிகளைப் பார்ப்பதைக் காட்டிலும், பல வயல்களில் அளவான செடிகளைப் பார்ப்பதே ஊரின் நிலையை உள்ளபடி காட்டும். ஏனெனில் ஒரே வயலின் செடிகள் ஒரே ரகத்தவை, ஒரே நாளில் விதைத்தவை, ஒரே பக்குவத்தில் வளர்ந்தவை. வயலுக்கு வயல் உள்ள வேற்றுமையே பெரிது.

5. வயலுக்குள் நடக்கும் வழி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. பானையில் நீரும் நெருப்பும் எல்லா அரிசிக்கும் ஒன்றாகவே சென்று சேர்வதால் அவ்வாக்கு சமையலறையில் பொய்ப்பதில்லை. வயலோ அப்படிப்பட்டதன்று. காற்றோடு வந்து இறங்கும் வெள்ளை ஈக்கள் ஓரச் செடிகளில் முதலில் அமர்கின்றன. உள்ளே ஒரு செடி நோயுற்றால் அதைச் சுற்றிலுமுள்ள செடிகள் திட்டுத்திட்டாக நோயுறுகின்றன. ஆகையால் ஓரிடத்துச் செடிகளைக்கொண்டு வயல் முழுவதையும் தீர்மானிக்க இயலாது.

இதற்கு அனுபவத்தில் தேறிய வழி, வயலின் ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலை வரை கோணல்மாணலாகக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த பத்துச் செடிகளைப் பார்ப்பது. இரண்டு நிற்குமிடங்களுக்கு இடையே எத்தனை அடி எடுத்துவைப்பது என்பதை வயலின் நீள அகலத்தைக் கொண்டு முன்னதாகவே கணித்துக்கொண்டு, அந்த அடி முடிந்த இடத்தில் கால் பட்ட செடியே முதற்செடி என்று கொள்ள வேண்டும். அந்தச் செடி நன்றாயிருக்கிறதே, அடுத்ததில் நோய் தெளிவாகத் தெரிகிறதே என்று ஓர் அடி தள்ளி நிற்க மனம் தூண்டும். அத்தூண்டுதலுக்கு இடங்கொடுத்த கணத்திலேயே கணக்கு கெட்டுவிடுகிறது.

வயலின் நான்கு பக்கங்களிலும் ஓரத்து இரண்டு பார்களை இக்கணக்கில் சேர்க்காமல், அவற்றில் பக்கத்துக்குப் பத்துச் செடிகளைத் தனியே பார்த்து, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று குறித்துக்கொள்வது மிகவும் பயனுடையது. ஒரு பக்கத்தில் மட்டும் நோய் மிகுந்திருந்தால், அந்தப் பக்கத்து வரப்பைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்தும் அழிக்கப்படாமல் நிற்கும் பழைய வெண்டைப் பயிர் அங்கே இருப்பது பல தடவை காணக்கூடியது.

நூறு செடி என்ற அளவு போதுமா என்று கேட்கலாம். 45 செ.மீ.க்கு 30 செ.மீ. இடைவெளியில் நட்ட ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 30,000 செடிகள் நிற்கின்றன. அவற்றில் ஒழுங்கு தவறாமல் எடுத்த நூறில் ஒன்றுகூட நோயுறவில்லையென்றால், வயல் முழுவதும் சுத்தம் என்று சொல்ல முடியாது. நோய் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படாது என்றுதான் ஓரளவு நம்பிக்கையுடன் சொல்லலாம். நூறில் பத்து நோயுற்றிருந்தால் உண்மை ஏறத்தாழ ஐந்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் இருக்கும். இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்க விரும்பினால் நானூறு செடிகளைப் பார்க்க வேண்டும். நோய் திட்டுத்திட்டாக இருக்கும் வயலில் இன்னும் சற்று அதிகமான ஐயத்துக்கு இடம்விட வேண்டும். சாதாரண ஊர்க்கணக்குக்கு நூறு போதும். புதிய ரகத்தின் தகுதியை நிர்ணயிக்கப் போதாது.

6. வெள்ளை ஈயை எண்ணுதல்

நோயின் எண்ணிக்கை கடந்த இரு வாரங்களைச் சொல்கிறது. பூச்சியின் எண்ணிக்கை வரப்போவதைச் சொல்கிறது. ஆதலால் இரண்டும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும். நின்ற ஒவ்வோர் இடத்திலும் முதல் இரண்டு செடிகளில், மேல், நடு, கீழ் என மூன்று இலைகளைத் தேர்ந்து, காம்பை இரு விரல்களால் மெல்லப் பிடித்து நிதானமாகத் திருப்பி, அடிப்பரப்பில் உள்ள வளர்ந்த பூச்சிகளை எண்ண வேண்டும். செடியை அசைத்துவிட்டால் அவை வெண்பொடி சிதறுவதுபோல் பறந்துவிடும். ஆகையால் நோயைப் பார்க்கத் தொடங்குமுன்பே பூச்சியை எண்ணி முடித்துவிடுவது முறை. வளர்ந்த பூச்சிகள் இளம் மேலிலைகளிலும், குஞ்சுகள் முதிர்ந்த கீழிலைகளிலும் மிகுதியாக இருக்கும். கீழிலைகளில் குஞ்சுகள் நிறைந்திருப்பதைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியில் கண்டால், பூச்சிகள் வெளியிலிருந்து வந்து போகின்றன என்ற நிலை மாறி இவ்வயலிலேயே பெருகுகின்றன என்று அறிய வேண்டும்.

மஞ்சள் ஒட்டுப்பொறிகளை எக்டருக்கு 12 வீதம், பயிரின் உச்சிக்குச் சற்று மேலே இருக்கும்படி கம்பில் கட்டி, வாரம் ஒரு முறை எடுத்து எண்ணுவது இரண்டாவது வழி. பயிர் வளர வளரப் பொறியையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். பொறி பிடித்த எண்ணிக்கையை இலையில் எண்ணிய எண்ணிக்கையுடன் கூட்டலாகாது. ஒவ்வொன்றையும் அதனதன் பழைய எண்ணிக்கையுடன் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள ரயில்பூண்டு, துத்தி முதலிய களைகளையும் திருப்பிப் பார்த்து, பூச்சி உண்டா, இலையில் மஞ்சள் வலை உண்டா என்று குறிக்க வேண்டும். ஆனால் களையில் காணும் மஞ்சள் வலையைக் கண்டவுடன் வெண்டையின் நோய் இங்கிருந்துதான் வந்தது என்று எழுதிவிடக் கூடாது. களைகளுக்கே உரிய வேறு வைரஸ்களும் அதே தோற்றத்தை உண்டாக்குகின்றன. அதைப் பிரித்துச் சொல்லக் கண்ணால் முடியாது, ஆய்வுக்கூடத்தால்தான் முடியும்.

7. எழுதும் ஏடும் போடும் கணக்கும்

ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தாள் என்ற முறையில், பின்வரும் விவரங்கள் பென்சிலால் எழுதப்பட வேண்டும். மையினால் எழுதியது வியர்வையிலும் பனியிலும் கரைந்துபோகும்.

– தேதி, நேரம், எழுதுபவர் பெயர், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை.
– ரகம், விதை வாங்கிய இடம், விதைத்த தேதி, இடைவெளி, பாசன முறை.
– இதுவரை அடித்த மருந்துகளின் பெயரும் தேதியும்.
– சுற்றிலும் உள்ள பயிர்கள், அவற்றின் வயது. மக்காச்சோளம் அல்லது சோளம் வரப்புப் பயிராக உண்டா என்பது.
– விவசாயி இதுவரை பிடுங்கி எறிந்த நோய்ச்செடிகளின் உத்தேச எண்ணிக்கை.
– நின்ற பத்து இடங்களிலும் கண்ட எண்ணிக்கை, தனித்தனியாக.

ரகத்தின் பெயரைக் கேட்டு எழுதுவதில் அலட்சியம் கூடாது. டில்லியில் உருவான பூசா சவானி ஒரு காலத்தில் இந்நோயைத் தாங்கி நின்றது. பின்னர் அந்தச் சக்தியை இழந்தது. பெங்களூரில் உருவான அர்கா அனாமிகாவும் நல்ல எதிர்ப்புடன் வெளிவந்து, பிற்காலத்தில் பல இடங்களில் நோய்க்கு உட்பட்டது. ஒரு ரகம் தளர்கிறது என்பதை முதலில் அறிவிக்கக்கூடியவை, ரகத்தின் பெயரோடு ஆண்டுதோறும் ஒழுங்காக எழுதப்பட்ட வயற்கணக்குகளே.

பிடுங்கிய செடிகளைப் பற்றிய கேள்வியும் அவ்வாறே முக்கியமானது. சிரத்தையுள்ள விவசாயி நோயுற்ற செடிகளை உடனுக்குடன் களைந்திருந்தால், நம் கண்ணில் படும் நோய் குறைவாகவே இருக்கும். அதைக்கொண்டு அவர் வயலுக்கு நோயே வரவில்லை என்று எழுதுவது உண்மைக்கு மாறு. வரிசையில் காணும் வெற்றிடங்களையும் எண்ணி, "ஐயா, இந்த இடத்தில் விதை முளைக்கவில்லையா, செடியைப் பிடுங்கினீர்களா?" என்று கேட்டு எழுத வேண்டும்.

நோயின் கடுமையைக் குறிக்க ஐந்து படிகள் போதும்:

0 – நோய்க்குறி இல்லை.
1 – நுனியிலுள்ள ஓரிரு இலைகளில் நரம்பு வெளிறல் மட்டும்.
2 – பாதிக்கும் குறைவான இலைகளில் மஞ்சள் வலை, காய் நன்றாயிருக்கிறது.
3 – பாதிக்கு மேற்பட்ட இலைகளில் மஞ்சள் வலை, காயும் வெளிறுகிறது.
4 – செடி முழுவதும் மஞ்சள். வளர்ச்சி குன்றி, காய் சிறுத்து உருக்கெட்டிருக்கிறது.

உதாரணமாக, நூறு செடிகளில் 70 செடிகள் பூச்சியப் படியிலும், 12 செடிகள் முதற் படியிலும், 8 இரண்டாம் படியிலும், 6 மூன்றாம் படியிலும், 4 நான்காம் படியிலும் இருந்தால், நோயின் பரவல் நூற்றுக்கு 30. ஒவ்வொரு படியையும் அதிலுள்ள செடிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 62 வரும். அதை, எல்லாச் செடிகளும் நான்காம் படியில் இருந்திருந்தால் வரக்கூடிய 400ஆல் வகுத்து நூறால் பெருக்கினால், நோயின் கடுமை நூற்றுக்கு 15.5. பரவல் மிகுந்து கடுமை குறைந்திருந்தால் நோய் சமீபத்தில் வந்தது. இரண்டும் மிகுந்திருந்தால் பழையது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

பத்து இடங்களின் எண்ணிக்கையைத் தனித்தனியே எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இடத்துக்கு ஒன்றாகப் பத்துச் செடிகள் நோயுற்றிருப்பதும், ஒரே இடத்தில் பத்தும் நோயுற்று மற்ற ஒன்பது இடங்களும் சுத்தமாயிருப்பதும் மொத்தக் கணக்கில் ஒன்றே. ஆனால் முன்னதில் பூச்சிகள் வெளியிலிருந்து வந்து பரவலாக இறங்கியிருக்கின்றன. பின்னதில் வயலுக்குள்ளேயே ஒரு மூலச்செடியிலிருந்து நோய் சுற்றிலும் பரவுகிறது. முன்னதற்குப் பரிகாரம் வரப்புக்கு வெளியே தேட வேண்டியது. பின்னதற்குப் பரிகாரம் அன்றைக்கே அந்தத் திட்டைப் பிடுங்கி அழிப்பது.

8. ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்புதல்

ஊருக்குப் புதியதான தோற்றமுள்ள செடி, எதிர்ப்புள்ளது என்று பெயர்பெற்ற ரகத்தில் கண்ட நோய், "சந்தேகம்" என்று எழுதிய செடி ஆகிய மூன்றிலிருந்தும் மாதிரி எடுப்பது அவசியம். நோய்க்குறி தெளிவாகத் தெரியும் இளம் இலைகளில் இரண்டு மூன்றைப் பறித்து, ஈரம் துடைத்து, மை ஒற்றும் தாள்களுக்கிடையே வைத்துக் காகித உறையிலிட்டு, உடனே உலர்த்த வேண்டும். சிலிக்கா ஜெல் கிடைத்தால் இன்னும் நல்லது. பச்சையாகவே அனுப்புவதாயின் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்த இலை அழுகிப்போகுமே தவிர, ஆய்வுக்குப் பயன்படாது. ஒவ்வோர் உறையிலும் வயல் எண், செடி எண், தேதி ஆகியவை இருக்க வேண்டும். அதே வயலிலிருந்து நோய்க்குறியே இல்லாத ஒரு செடியின் இலையையும் சேர்த்து அனுப்பினால்தான், வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையின் முடிவை ஒப்பிட்டு நம்ப முடியும். நோய் உள்ளே ஏறியும் இன்னும் வெளிப்படாத செடிகள் இருப்பதும் அதனால் தெரியவரும்.

9. கணக்கிலிருந்து காரியத்துக்கு

வயலைப் பார்த்துவிட்டு விவசாயியிடம் எதுவும் சொல்லாமல் போவது மரியாதையும் அன்று, நியாயமும் அன்று. அவருடைய அனுமதியால் அவருடைய நிலத்தில் கிடைத்த கணக்கு முதலில் அவருக்கே உரியது. அன்று கண்ட எண்ணிக்கையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, அதன் பொருளையும் சொல்ல வேண்டும். முப்பது நாட்களுக்குட்பட்ட பயிரில் நோய்ச்செடிகள் சிலவே என்றால், அவற்றை வேரோடு பிடுங்கிப் புதைக்கவோ எரிக்கவோ சொல்லலாம். நோய் முற்றிப் பரவிய பயிரானால், பிடுங்குவதால் பயனில்லை என்பதையும், வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது என்பதையும், பூச்சிமருந்தை மேன்மேலும் அடிப்பது செலவை மட்டுமே கூட்டக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலவகை மருந்துகளை, குறிப்பாகச் செயற்கைப் பைரித்ராய்டுகளைத் திரும்பத் திரும்ப அடித்த வயல்களில் வெள்ளை ஈ முன்னிலும் அதிகமாகப் பெருகுவது பலமுறை கண்டறியப்பட்ட விஷயம். விவசாயி தாமே முடிவு செய்வார். முடிவுக்கு வேண்டிய உண்மையைக் கொடுப்பதே நம் பங்கு.

ஊர்க்கணக்கு முடிந்த பிறகு, எல்லா வயல்களையும் ஒரு வரைபடத்தில் குறித்து, பயிரின் வயதை ஒரு குறியாலும் நோயின் அளவை மற்றொரு குறியாலும் காட்டி, விவசாயிகள் கூடும் இடத்தில் வைத்து விளக்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்த பழம்பயிருக்கு அடுத்தாற்போல் நிற்கும் இளம்பயிர்களில் நோய் மிகுந்திருப்பதை அவ்வரைபடம் காட்டுமானால், பழம்பயிரை உரிய காலத்தில் அழிக்கவும், விதைப்பை ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளவும் ஊரார் தமக்குள் ஏற்பாடு செய்துகொள்வது எளிதாகும். ஒருவர் தம் வயலை மட்டும் காத்துக்கொள்ள முடியாத நோய் இது. பறக்கும் பூச்சிக்கு வரப்பு எல்லையாவதில்லை. கூடிச் செய்ய வேண்டிய காரியத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு வேண்டும். எவர் வயலையும் ஒளிக்காமலும் எவர் வயலையும் மிகைப்படுத்தாமலும் எடுத்த கணக்கைத்தான் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்த பட்டத்திலும், அதற்கு அடுத்த ஆண்டிலும், அதே முறையில், அதே படிகளைக் கொண்டு கணக்கெடுக்க வேண்டும். இதைவிடச் சிறந்த முறை ஒன்று பின்னால் கிடைத்தால் அதை ஏற்பதில் தடையில்லை. ஆனால் ஒரு பட்டம் முழுவதும் பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே வயல்களில் சேர்த்து நடத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைத்த பிறகே பழையதை விட வேண்டும். அவ்வாறு செய்யாமல் மாற்றினால், கூடியது நோயா அல்லது எண்ணும் முறை மாறியதால் வந்த எண்ணிக்கையா என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.